வலப்பக்கம் காலி

அத்தியாயம் 11

போன வாரம் அக்லாயாவை அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். புத்தம்புது டிரைவிங் லைசென்ஸை உப்பு ஜாடியின் மேல் சாய்த்து வைத்து, மாமாலிகா என்கிற சோளக்களியைக் கிண்டிக்கொண்டே அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் போட்டோவைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை என்று அவள் கணவன் கவ்ரில் சொன்னான். அவன் குரலில் பாதி கேலி, பாதி பொறாமை.

பொறாமைக்குக் காரணம் இருந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். ஹாம்பர்க், மிலான் என்று அவன் போகாத ஊர் இல்லை. இந்த வசந்தத்தில் இடது கண்ணில் விழித்திரை கிழிந்து, ஆபரேஷன் ஆகி, இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டு முற்றத்தில் அவனுடைய சாம்பல் நிற தாச்சியா கார் வாதுமை மரத்தடியில் அசையாமல் நின்றது. கோழிகள் அதன் அடியில் குடியேறிவிட்டன.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்லாயா, நாற்பத்தெட்டு வயதில், ஊரே வாயைப் பொத்திச் சிரிக்க, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

கவ்ரில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பாஸ் செய்வாள் என்று அவன் நினைக்கவே இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நெகுலாயிடம் வண்டிக்கு விலையும் பேசி முடித்துவிட்டான். இப்போது இவள் லைசென்ஸோடு வந்து நிற்கிறாள். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு வழியாக உடன்பாடு ஆனது.

"நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட சுச்சாவா போகணும். நீயே கூட்டிட்டுப் போ. ஒரு கீறல் இல்லாம கூட்டிட்டு வா. வந்தா வண்டி நம்ம வீட்டுல இருக்கும். இல்லேன்னா சாயங்காலம் நெகுலாய் வரும்போது சாவியை அவன் கையில கொடுத்துடுவேன்."

"கீறல்னா வண்டியிலயா, உன் மேலயா?"

"ரெண்டுலயும்தான்."

அக்லாயாவுக்கு இது விளையாட்டில்லை. இருபத்தைந்து வருஷமாக அவள் எங்கே போக வேண்டுமென்றாலும் இன்னொருவருக்கு நேரம் இருந்தால்தான் போக முடிந்தது. கவ்ரில் லாரியில் போய்விட்டால் பக்கத்து வீட்டுக்காரர், அவரும் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரண்டு முறை வருகிற பஸ். மகள் மிருனா பிறந்தபோதுகூட, பால் வண்டிக்காரன் பின்னால் உட்கார வைத்துத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இந்த வண்டி கை மாறிப் போனால் லைசென்ஸ் உப்பு ஜாடிக்கு அண்டை கொடுக்கத்தான் உதவும். அது அவளுக்குத் தெரியும்.

காலையில் அவள் பிளவுஸுக்கு இஸ்திரி போட்டு முடித்து முற்றத்துக்கு வந்தபோது, பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் வட்டத்தைக் காணோம். புதுசாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒரு வருஷத்துக்கு ஒட்டிக்கொண்டு போக வேண்டியது அது. மஞ்சளில் கறுப்பாக ஒரு ஆச்சரியக்குறி.

"கவ்ரில், அது எங்கய்யா?"

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். ஓரம் கசங்கியிருந்தது. "ஹாம்பர்க் வரைக்கும் போயிட்டு வந்தவன்டி நான். என் வண்டி முதுகுல இதை ஒட்டிட்டுப் போனா, ஊர்ல எவன் என்னை மதிப்பான்?"

"முன்னாடி போறது யாருன்னு தெரிஞ்சா பின்னாடி வர்றவன் கொஞ்சம் தள்ளி வருவான். எனக்கு அவன் தள்ளி வந்தா போதும். உன்னை மதிக்கறதை அவன் வேற ஒரு நாள் வச்சுக்கட்டும்."

வட்டத்தை முழங்காலில் வைத்து நீவி, எச்சில் தொட்டு, திரும்ப ஒட்டினாள். அவன் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏறியதும் அவள் செய்ததையெல்லாம் பார்த்து அவனுக்குப் பொறுமை போனது. சீட்டை முன்னால் இழுத்தாள். மூன்று கண்ணாடியையும் சரி செய்தாள். பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். கைப்பையைக் கால் பக்கம் வைக்காமல் பின் சீட்டுக்குக் கீழே தள்ளினாள்.

"விமானமா ஓட்டப்போற?" என்றான் கவ்ரில்.

"பெல்ட் போடு."

"போட்டாச்சு. கிளம்பு. நாம போறதுக்குள்ள டாக்டரம்மா ரிட்டயர் ஆயிடுவா."

தெரு முழுக்க வேலியோரம் நின்று பார்த்தது. அக்லாயா யாருக்கும் தலையாட்டவில்லை. அதற்காக அப்புறம் ஒரு வாரம் அவளைத் திமிர் பிடித்தவள் என்று பேசினார்கள். அவள் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் கவலையில் இருந்தாள், பாவம்.

தேவாலயத்தைத் தாண்டும்போது கவ்ரில் தொப்பியைக் கழற்றி மூன்று தரம் சிலுவை போட்டுக்கொண்டான். அக்லாயாவின் வலக்கையும் ஸ்டியரிங்கிலிருந்து எழும்பப் பார்த்தது. அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூலில் முதல் வாரம் முழுக்க இதே கதைதான். கோபுரத்தைக் கண்டால் கை நெற்றிக்குப் போய்விடும், வண்டி தன் பாட்டுக்குச் சாக்கடையைத் தேடும். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு மிருனாவின் வயதுதான் இருக்கும். "அக்கா, மனசுல கும்பிடுங்க. கடவுளுக்குப் புரியும். எதிர்ல வர்ற லாரிக்காரனுக்குத்தான் புரியாது" என்று அவள் சொன்னதிலிருந்து அக்லாயா நாக்கால்தான் சிலுவை போடுகிறாள், வாயை மூடிக்கொண்டு.

ஊர் முடிகிற இடத்தில் எங்கள் தெரு சுச்சாவா போகிற பெரிய ரோட்டில் போய் முட்டும். இடது பக்கம் திரும்ப வேண்டும். அன்றைக்கென்று மூடிக் கிடந்த கடைக்கு முன்னால் விறகு லாரி ஒன்றை நிறுத்திவிட்டு எவனோ போய்விட்டான். வலப்பக்கத்திலிருந்து வருவது எதுவும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வண்டிகள் ரோட்டின் வலது ஓரமாகப் போகும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும்; அதனால் வலது முன் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. ரோடு முட்டும் இடத்தில் வண்டி நின்றதும், எட்டிப் பார்த்து வலப்பக்கம் காலியா இல்லையா என்று சொல்ல வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. ஓட்டுகிறவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டே, வலப்பக்கத்துக்கு அந்த ஒரு சொல்லை நம்பி ரோட்டில் ஏறிவிடுவார். அக்லாயா அந்த சீட்டில் உட்கார்ந்த காலமெல்லாம் இதைச் செய்திருக்கிறாள். மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

இப்போது சீட் மாறியிருக்கிறது. அவள் இடது பக்கம் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"வலப்பக்கம் காலி," என்றான் கவ்ரில். "போ."

அவள் போனாள்.

பாதி ரோடு ஏறியிருப்பாள். விறகு லாரியின் மறைவிலிருந்து டிராக்டர் ஒன்று வந்தது, பின்னால் இழுவையில் மலையாக முட்டைக்கோஸ். அக்லாயா இரண்டு காலாலும் மிதித்தாள். வண்டி உதறி நின்றது. டிராக்டர்காரன் ஒடித்துக்கொண்டு அவள் மூக்குக்கு முன்னால் கடந்து போனான். இழுவை குலுங்கியதில் ஒரு முட்டைக்கோஸ் எகிறி தாச்சியாவின் பானெட் மேல் விழுந்து உருண்டு ரோட்டுக்குப் போனது.

டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்துக் கத்தினான். "கண்ணு தெரியலையா?"

அவ்வளவுதான். அவன் போய்விட்டான். முட்டைக்கோஸை எடுக்கக்கூட நிற்கவில்லை.

அக்லாயா எப்படி வண்டியைத் திருப்பி, எப்படி ரோட்டோரப் புல்லில் நிறுத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. என்ஜினை அணைத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"பார்த்து வரமாட்டியா?" என்றான் கவ்ரில். அவன் குரலும் சரியில்லை. "கொஞ்சம் தப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நீதானய்யா காலின்னு சொன்ன."

"சொன்னா? கண்ணு உனக்கு இல்லையா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் எட்டிப் பார்க்கவில்லை. காலி என்று சொன்னானே தவிர, குனியவே இல்லை. இத்தனை வருஷம் ரோட்டில் கிடந்தவன், பார்க்காமல் ஒரு சொல் சொல்கிற ஆள் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கவ்ரில், தலையைத் திருப்பாம நேரா ரோட்டைப் பாரு."

"எதுக்கு?"

"பாரேன். பார்த்தாச்சா? இப்ப உன் ஜன்னல் பக்கம் என்ன இருக்கு, சொல்லு."

"என்ன இருக்கும். புல்லு. வேலி."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. என்னடி பரீட்சை வைக்கற?"

"திரும்பிப் பாரு."

அவன் திரும்பினான். ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில், கட்டிப்போட்ட செம்பட்டைக் குதிரை ஒன்று புல்லை மென்றுகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

கவ்ரில் குதிரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எவ்வளவு நாளா?" என்றாள் அக்லாயா.

"எது?"

"அந்த வலது கண்ணும் போறது."

கவ்ரில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "நேரா பார்த்தா எல்லாம் தெரியுது. ஓரத்துலதான். கோடைக்காலத்துலேர்ந்து. கதவு நிலையில தோள் இடிக்கும். டம்ளரைத் தட்டிவிடுவேன். வயசாகுதுன்னு நினைச்சேன்."

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

"ஒரு கண்ணுக்கே நீ ஒரு மாசம் அழுத."

அக்லாயாவுக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பெல்ட் இடித்தது.

"வீட்டுக்குத் திருப்பு," என்றான் அவன். "நெகுலாய்கிட்ட சொன்னா அவன் வண்டியில கொண்டுபோய் விடுவான். உன் கை நடுங்குது."

நடுங்கியது உண்மைதான். வீடு பின்னால் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. திரும்பினால் இந்தக் கை நடுக்கம் நின்றுவிடும். இன்னொரு தரம் ஸ்டியரிங் முன்னால் உட்காரும் தைரியமும் அதோடு போய்விடும். இதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவனைத் திரும்ப வீட்டுக்குள் விட்டால், அந்தக் கண்ணைப் பற்றி டாக்டரிடம் சொல்ல அவனை யாராலும் கிளப்ப முடியாது.

"நான்தான் ஓட்டப்போறேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. சுச்சாவா போய்ச் சேர்ற வரைக்கும் நீ எதுவும் சொல்லக்கூடாது. காலின்னும் சொல்லாத, வருதுன்னும் சொல்லாத. மிதி, திருப்பு, தாண்டு, ஒண்ணும் வேணாம். ரெண்டு பக்கமும் நானே பார்த்துக்கறேன்."

"வாயைத் திறக்காம ஒருத்தன் எப்படி உக்காந்திருக்கறது?"

"நான் உக்காந்திருந்தேனே, இருபத்தஞ்சு வருஷம்."

"நீயா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெல்ட்டைச் சரி செய்துகொண்டு என்ஜினைக் கிளப்பினாள்.

அப்புறம் அவள் ஓட்டியதைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குக் கொட்டாவி வரும். வழி மறைக்கிற இடத்திலெல்லாம் ஜன்னலை இறக்கிச் சத்தம் கேட்டாள். வண்டியின் மூக்கை ஒரு சாண் நீட்டுவாள், நிறுத்துவாள், பார்ப்பாள், இன்னொரு சாண் நீட்டுவாள். வலம், இடம், திரும்ப வலம். வைக்கோல் ஏற்றிய குதிரை வண்டி ஒன்றின் பின்னால், நடு ரோட்டு வெள்ளைக் கோடு, தாண்டலாம் என்று விட்டு விட்டு வரும்வரை, நடை வேகத்திலேயே போனாள். பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டது. கவ்ரிலின் வலது கால் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து ஓய்ந்தது. வாயை மட்டும் திறக்கவில்லை. சூரியகாந்தி விதையை உரித்து உரித்துத் தின்றான்.

கோடு விட்டது. எதிர் ரோடு நீளத்துக்கும் வெறிச்சென்று கிடந்தது. அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, மூன்றாவது கியரில் இழுத்துக் குதிரை வண்டியைத் தாண்டித் தன் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். வைக்கோல் மேல் படுத்திருந்த ஆள் கையைத் தூக்கிக் காட்டினான்.

அவளுக்குக் காது வரைக்கும் சூடாகியிருந்தது. தானே பார்த்து, தானே தீர்மானித்து, தானே செய்த ஒன்று. அது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

கண் ஆஸ்பத்திரியில் கவ்ரில் தன் வித்தையைக் காட்டினான். சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தான்.

"வலது கண்ணு நல்லாத்தானே இருக்கு," என்றார் டாக்டரம்மா.

"கழுகு கண்ணு, டாக்டரம்மா," என்றான் கவ்ரில்.

"கழுகுக்குப் பக்கத்துல குதிரை நின்னா தெரியல," என்றாள் அக்லாயா. காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கவ்ரில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் முட்டைக்கோஸ் வரைக்கும் சொல்லி முடித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் அவனை இன்னொரு அறைக்கு அனுப்பினார். பெரிய கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அக்லாயாவை நர்ஸ் பக்கத்திலேயே உட்கார விட்டாள். அவளுக்கு அந்த இயந்திரம் புரியவில்லை, ஆனால் கவ்ரிலின் கட்டைவிரல் தெரிந்தது. லாரி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல். அது பொத்தான் மேல் அசையாமல் காத்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த திரையில் ஓரத்திலெல்லாம் கறுப்பு விழுந்துகொண்டே வந்தது.

"கண்ணுல அழுத்தம் ஏறியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஓரத்துல போன பார்வை திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினம் சொட்டு மருந்து போடணும், மாசா மாசம் இங்க வரணும். ஒரு மாசம்கூட விடக்கூடாது. விட்டா நடுவுல இருக்கறதும் போயிடும். அழைச்சுட்டு வர ஆள் இருக்கா?"

"இருக்கு," என்றாள் அக்லாயா.

கவ்ரில் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

அவனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அவள் மிருனாவுக்குப் போன் செய்தாள். மிருனா இங்கிருந்து வெகு தூரத்தில், க்ளூஜில், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்திரண்டு வயதில் அப்பாவைப் போலவே அவசரக்காரி. அக்லாயா சொல்லச் சொல்ல, எதிர்முனையில் அவள் குறுக்கே பேசவே இல்லை. அது வழக்கமில்லை.

"ஓட்டிட்டுப் போனது நீயா?" என்று மட்டும் கேட்டாள் கடைசியில்.

"நான்தான்."

"டிராக்டர்ல மோத இருந்ததும்?"

"நான்தான்."

"சரிம்மா. வைக்கறேன்."

திரும்பும்போது கவ்ரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்ந்து கிடந்தான். சொட்டு மருந்தில் அவனுக்கு எல்லாமே மங்கலாக இருந்தது. ஊருக்குப் பாதி வழியில், மேட்டில் ஏறும்போது, பின்னால் ஒரு கறுப்புக் கார் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்து ஹாரனை அழுத்தியது. விளக்கை வேறு அடித்தது. அக்லாயா வேகத்தைக் கூட்டவில்லை. கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி ஓட்டினாள். கார் சீறிக்கொண்டு இடப்பக்கத்தில் வந்தது.

கவ்ரில் எழுந்து உட்கார்ந்தான். மேட்டிலே ஹாரன் அடித்து முன்னால் போகிறவனை மிரட்டுவது தன் வாழ்க்கையில் அவன் செய்யாத காரியம் இல்லை. அதெல்லாம் இப்போது அவனுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"டேய், என் பெண்டாட்டி ஓட்டறா," என்று தன் பக்கத்து மூடிய ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். "உன் வீட்டுல என்ன தீயா பிடிச்சுது?"

"கவ்ரில், அவன் இந்தப் பக்கம் போறான். நீ வேலியைத் திட்டற."

"யாருக்குக் கேட்டா என்ன."

அவர்கள் முற்றத்தில் நுழைந்தபோது நெகுலாய் ஏற்கனவே வந்து காத்திருந்தான். ஒரு கையில் பணம் வைத்த உறை, இன்னொரு கையில் பிளம் சாராய பாட்டில். விலை முடிந்தால் அங்கேயே பாட்டிலைத் திறப்பதுதான் எங்கள் வழக்கம். அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, வைப்பரில் சிக்கியிருந்த முட்டைக்கோஸ் இலையை இரண்டு விரலால் எடுத்தான்.

"அண்ணி, சமையலும் வண்டியிலயேவா?"

"கீறல் இருக்கான்னு பாருங்க," என்றாள் அக்லாயா.

அவன் பார்த்தான். இல்லை. சின்னதாக ஒரு பள்ளம்கூட இல்லை. அவள் கவ்ரிலைத் திரும்பிப் பார்த்தாள். சொன்ன வாக்கு இருக்கிறது. இனி அவன்தான் பேச வேண்டும்.

கவ்ரில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "நெகுலாய், சாவி அவகிட்ட இருக்கு. வாங்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போ."

அக்லாயா சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "என்னய்யா பேசற?"

"வித்துடலாம்."

"கீறல் இல்லையே. நீ சொன்னபடி கூட்டிட்டு வந்தேனே."

"நீ நல்லாத்தான் ஓட்டற," என்றான் அவன். "குதிரை வண்டியைத் தாண்டினியே, அப்ப நானே அப்படித் தாண்டியிருக்க மாட்டேன். அதில்ல விஷயம். காலையில நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீ நம்பிப் போன. அந்த டிராக்டர் உன் பக்கம் வந்திருந்தா?" அவன் பானெட் மேல் கையை வைத்தான். "நான் பக்கத்துல உக்காந்தா பழக்கதோஷத்துல திரும்பவும் சொல்லுவேன். எனக்கு என்னைத் தெரியும். இந்த வண்டி இங்க இருக்க வேணாம், அக்லாயா. பஸ்ஸுல போய்க்கலாம்."

நெகுலாய் பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நேற்றுவரைக்கும் கவ்ரில் வண்டியை விற்கப் பார்த்தது ரோஷத்தால். அதை அக்லாயா எளிதாகச் சமாளித்திருப்பாள். ரோஷத்தோடு குடித்தனம் நடத்தி அவளுக்குப் பழக்கம். இது பயம். அதுவும் அவளுக்காகப் பட்ட பயம். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது, வந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

"நெகுலாய், நீங்க பாட்டிலை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க," என்றாள். "வண்டி விக்கறதுக்கு இல்ல."

"அண்ணே விக்கலாம்னு சொல்றாரே, அண்ணி."

"மாசா மாசம் அவரை நீங்க தூக்கிட்டுப் போவீங்களா சுச்சாவாவுக்கு? பனி கொட்டும்போது, பஸ் வராத அன்னிக்கு?"

நெகுலாய் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் படிக்கட்டில் வைத்துவிட்டு நடந்தான். நல்ல மனுஷன்தான்.

அக்லாயா கணவன் பக்கம் திரும்பினாள். "வா. மில் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"இப்ப எதுக்கு?"

"இப்ப போகலேன்னா நாளைக்கு நீயும் ஏற மாட்ட, நானும் எடுக்க மாட்டேன். வெளிச்சம் இருக்கறப்பவே போயிட்டு வந்துடலாம்."

அவன் வழக்கம்போல முன் கதவைத் திறந்தான். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து அதைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"பின்னாடி உக்காரு."

"என்னது?"

"பின் சீட்டுல. எனக்குப் பின்னால. அங்க உக்காந்தா உனக்கு ரோடும் தெரியாது, பழக்கதோஷமும் வராது. எனக்கு வலப்பக்கம் ஜன்னல் முழுசா காலியா கிடைக்கும்."

முப்பது வருஷ லாரிக்காரனைப் பின் சீட்டில் உட்காரச் சொல்வது சின்ன விஷயமில்லை. அவன் முன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. கவ்ரில் கதவைச் சாத்தினான். வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, பின் கதவைத் திறந்து, முழங்காலை மடக்கி உள்ளே ஏறினான்.

"பெல்ட்," என்றாள் அக்லாயா.

"பின்னாடி எவன்டி பெல்ட் போடுவான்?"

"என் வண்டியில எல்லாரும் போடணும்."

என் வண்டி என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. பின்னால் பெல்ட்டை இழுக்கிற சத்தமும், மாட்டுகிற சத்தமும் கேட்டது.

தெரு முனை தாண்டியிருப்பார்கள். முன்னால் சோளத்தட்டை ஏற்றிய குதிரை வண்டி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கவ்ரிலின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் எடுத்துக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தான். சொட்டு மருந்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. முன்னால் நீட்டினான்.

"யாருன்னு பாரு."

"நான் ஓட்டிட்டிருக்கேன்."

"ஒரு பார்வை பார்த்துச் சொல்லேன்."

"ஓட்டறப்ப பார்க்க மாட்டேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கவ்ரில் முனகிக்கொண்டே பச்சையாகத் தெரிந்த இடத்தை அழுத்தினான். எதை எதையோ சேர்த்து அழுத்திவிட்டான் போலிருக்கிறது. மிருனாவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"அப்பா, நான்தான். நான் வேலையை விட்டுட்டேன். சனிக்கிழமை வந்துடறேன். இனிமே நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறேன். அதுவரைக்கும் அம்மா கையில வண்டியைக் கொடுக்காதீங்க. சாவியை வாங்கி வச்சுக்கங்க."

அக்லாயாவின் பார்வை ரோட்டிலேயே இருந்தது. ஸ்டியரிங்கில் விரல் இறுகியது. வேலையை விட்டுவிட்டாளா? அந்த வேலைக்காக மிருனா எத்தனை பரீட்சை எழுதினாள்?

"அப்பா, கேக்குதா? சாவியை வாங்கிட்டீங்களா?"

கவ்ரில் போனை வாய்க்குக் கிட்ட கொண்டுபோனான்.

"அது உங்கம்மா வண்டி, மிருனா," என்றான். "சாவி வேணும்னா அவளைத்தான் கேக்கணும். அவ இப்ப ஓட்டிட்டிருக்கா. வண்டி நின்னதும் அவளே உங்கிட்ட பேசுவா."

முன்னால் போன குதிரை வண்டியைத் தாண்ட அக்லாயா இண்டிகேட்டரைப் போட்டாள்.